ரோட்டுல ஒரு இரும்புத் தொட்டி: யாரைக் கேட்டு வெச்சீங்க?

லண்டன் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருந்தா, அவங்க வீட்டுல கிச்சனை இடிச்சுக் கட்டின கதையைக் கேட்டுப் பாருங்க. டைல்ஸ் கதை வர்றதுக்கு முன்னாடியே ஒரு ‘ஸ்கிப்’ கதை வந்துடும். ஸ்கிப்ன்னா மேல மூடி இல்லாத, ரெண்டு முனையும் படகு மாதிரி சரிஞ்சு நிக்கிற ஒரு இரும்புத் தொட்டி. லாரி வந்து சங்கிலியில தூக்கி இறக்கி வெச்சுட்டுப் போயிடும். ஒரு வாரம் பத்து நாள் உடைச்ச செங்கல், பழைய பாத்ரூம் பீங்கான், கதவு, மண்ணு எல்லாத்தையும் அதுல கொட்டுவாங்க. நிரம்பினதும் லாரி திரும்ப வந்து தூக்கிட்டுப் போகும். அமெரிக்காவுல இதோட பெரிய அண்ணன் பேரு டம்ப்ஸ்டர்.

இந்தத் தொட்டியை உங்க சொந்த இடத்துக்குள்ள, காம்பவுண்டுக்கு உள்ள வெச்சுக்கிட்டா இந்தச் சட்டம் உங்ககிட்ட வராது. அதையே அஞ்சடி தள்ளி வாசலுக்கு வெளியே ரோட்டுல வெச்சா, இங்கிலாந்துல அனுமதி இருக்கணும். இல்லைன்னா அது குற்றம். அதே தொட்டிதான், அதே செங்கல்தான். அந்த அஞ்சடியில என்ன மாறிடுச்சு?

அதுக்கு நாம 1812-க்குப் போகணும். லாரி கிடையாது, ஸ்கிப் கிடையாது. ஒரு மரக்கடைதான் இருக்கு.

லண்டன்ல ஜோன்ஸ்னு ஒரு மர வியாபாரி. அவர் கடைக்கு வர்ற மரங்கள் ரொம்ப நீளம். கடை முற்றமோ சின்னது. அதனால மரத்தைத் தெருவுலயே போட்டு, தெருவுலயே அறுத்து, அப்புறம் துண்டு துண்டா உள்ள எடுத்துட்டுப் போவார். வழக்கு வந்துச்சு. அவர் தரப்பு வாதம் நமக்கு ரொம்பப் பழக்கமானது: ‘உள்ள இடமில்லைங்க, தொழில் பண்ண வேற வழியில்லை.’ விசாரிச்சவர் எல்லன்பரோ பிரபு, இங்கிலாந்தின் தலைமை நீதிபதிகளில் ஒருவர். அவர் சொன்னதைச் சுருக்கமா சொன்னா இதுதான்: உங்க இடம் பத்தலைன்னா பெரிய இடமா பார்த்துப் போங்க. உங்க இடத்துல இருக்கிற குறையைச் சரிக்கட்ட ஊர்ப் பாதையைச் சேர்த்துக்க முடியாது.

அதே வருஷம் அவர் முன்னாடி இன்னொரு வழக்கு. சேரிங் கிராஸ்ல பயணிகளுக்காகக் காத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்ன குதிரை வண்டிகளைப் பத்தினது. ராஜபாட்டை ஒண்ணும் குதிரை லாயம் கிடையாதுன்னு முடிச்சுட்டார்.

இதோட நின்னிருந்தா எல்லன்பரோ வெறும் கறாரான ஆள்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா மரக்கடை தீர்ப்புலயே அவர் இன்னொண்ணும் சொல்றார். எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். மதுக்கடைக்கு பீப்பாய் இறக்குற வண்டி வாசல்ல நிக்கலாம், ஆனா சட்டுனு இறக்கிட்டுப் போகணும். ஒருத்தர் வீட்டைப் பழுது பார்க்குறார்னா அதனால வர்ற தொந்தரவை அக்கம்பக்கம் பொறுத்துக்கத்தான் வேணும். ஆனா நியாயமான காலத்தைத் தாண்டி அது இழுத்துக்கிட்டே போனா, கேள்வி கேக்க மக்களுக்கு உரிமை உண்டு.

கவனிச்சீங்களா? இடத்தை அவர் அளக்கவே இல்லை, நேரத்தைத்தான் அளக்குறார். தெரு எல்லாருக்கும் போக வர இருக்கு. நீங்க கொஞ்ச நேரம் அதுல நிக்கலாம். அந்த ‘கொஞ்ச நேரம்’ எவ்வளவு? வண்டிக்கும் மரத்துக்கும் அதைக் கண்ணால பார்த்தே சொல்லிடலாம். ஏன்னா அந்தக் காலத்துல சாமானை ஏத்துற இறக்குற வரைக்கும் வண்டி, குதிரை, ஆள் மூணும் அங்கயே நிக்கணும். சும்மா நிக்கிற குதிரைக்கும் தீனி போடணும். அதனால சீக்கிரம் முடிச்சுட்டுக் கிளம்ப வண்டிக்காரருக்கே அவசரம் இருக்கும். சட்டத்துக்குப் பாதி வேலையைச் செலவுக் கணக்கே செஞ்சு குடுத்துடுச்சு.

குதிரையை அவிழ்த்துட்டா என்ன ஆகும்னு நியூயார்க் காட்டுச்சு. 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில அங்க வண்டிக்காரங்க ராத்திரி குதிரையை லாயத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, வண்டியைத் தெருவுலயே விட்டுடுவாங்க. லாயத்துல வண்டி நிறுத்த வாடகை, தெரு இலவசம். நெருக்கமான ஏழை வட்டாரங்கள்ல இந்த வண்டிகள் வரிசையா நின்னு, அதுக்கு அடியில குப்பை சேர்ந்து கிடந்துச்சு. 1895-ல நகரத் துப்புரவுத் துறைக்கு வந்த கர்னல் ஜார்ஜ் வாரிங், தெருவைப் பெருக்குறதுக்கு முன்னாடி இந்த வண்டிகளை அப்புறப்படுத்தினார். வண்டி மேலேயே விளக்குமாறு போட முடியாதுல்ல!

அடுத்த திருப்பம் அமெரிக்காவோட டென்னசி மாநிலத்துல நாக்ஸ்வில் நகரத்துல நடக்குது. ஜார்ஜ் டெம்ப்ஸ்டர்னு ஒருத்தர். இளம் வயசுல பனாமா கால்வாய் வெட்டுற இடத்துல நீராவி மண்வெட்டி இயந்திரம் ஓட்டினவர். அப்புறம் சகோதரர்களோட சேர்ந்து கட்டுமானத் தொழில். அந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்கு ஒரு நிரந்தரத் தலைவலி: ஆளுங்க மண்ணை அள்ளிக் கொட்டுற வரைக்கும் லாரி சும்மா நிக்கும். இன்ஜின் இருக்கு, டிரைவருக்குக் கூலி ஓடுது, வண்டி நகரலை. 1930-கள்ல டெம்ப்ஸ்டர் கண்டுபிடிச்சது ரொம்ப எளிமையான விஷயம். லாரியோட பெட்டியைத் தனியா கழட்டிடு. பெட்டி வேலை நடக்குற இடத்துல காத்துக்கிட்டு இருக்கட்டும். லாரி போய் வேற பெட்டியைத் தூக்கட்டும். இந்த ஏற்பாட்டுக்கு அவங்க வெச்ச பேரு டெம்ப்ஸ்டர் டம்ப்ஸ்டர். தன் பேரையும், கொட்டுறதுக்கான ஆங்கிலச் சொல்லையும் ஒட்டி உருவாக்கின பேரு அது. நம்ம ஊர்ல போட்டோகாப்பி எல்லாம் ஜெராக்ஸ் ஆன மாதிரி, அங்க பெரிய குப்பைப் பெட்டி எல்லாமே டம்ப்ஸ்டர் ஆயிடுச்சு. சுவாரசியம் என்னன்னா, இதே டெம்ப்ஸ்டர் நாக்ஸ்வில்லோட நகர மேலாளராவும், 1950-கள்ல மேயராவும் இருந்தவர். பெட்டியை விக்கிற நாற்காலி, தெருவைக் காக்குற நாற்காலி ரெண்டுலயும் உக்கார்ந்து பார்த்திருக்கார்.

இப்ப எல்லன்பரோவோட கணக்கை இதுல வெச்சுப் பாருங்க. லாரி நின்னா காசு. பெட்டி நின்னா கிட்டத்தட்ட ஒண்ணும் இல்லை. ‘சீக்கிரம் கிளம்பு’ன்னு விரட்டுற குதிரையும் இல்லை, டிரைவர் கூலியும் இல்லை. அந்த அவசரத்தைச் செயற்கையா உருவாக்க வேண்டியிருக்கு. பெர்மிட்ல ‘இத்தனாம் தேதி வரைக்கும்’னு ஒரு வரி இருக்கே, அதோட வேலை அதுதான்.

பிரிட்டனுக்குத் திரும்புவோம். ஸ்கிப்ங்கிற சொல் அங்க பழசு. சுரங்கத்துல நிலக்கரி மேல வர்ற வாளிக்கும் அதுதான் பேரு, அதுக்கும் முந்தி கூடைக்கு. 1960-கள்ல கட்டட வேலைக்கான ஸ்கிப் தெருவுக்கு வந்துச்சு. லண்டன்ல வரிசை வீடுகள் நிறைய. முன்னாடி கார் நிறுத்தவே இடம் இல்லாத வீடுகள். ஸ்கிப்பை ரோட்டுலதான் வைக்க முடியும். கறுத்துப்போன இரும்பு, லைட் கிடையாது, ரோட்டோட நிறம். ராத்திரி மோட்டார் சைக்கிள்ல வர்றவருக்கு அது எப்படித் தெரியும்? 1970-களோட தொடக்கத்துல, இருட்டுல நின்ன ஸ்கிப்புல மோதினவங்களோட வழக்குகள் நீதிமன்றத்துக்கு வந்துச்சு. சட்டமும் அப்பதான் வந்துச்சு. 1971 நெடுஞ்சாலைச் சட்டத்துல முதல்முறையா ஸ்கிப்புக்குன்னு தனிப் பிரிவு. இப்ப அது 1980 நெடுஞ்சாலைச் சட்டத்துல 139-ஆம் பிரிவா இருக்கு.

சட்டப் பிரிவை எல்லாம் போட்காஸ்ட்ல படிக்கிறது போர்தான். ஆனா இது குட்டிப் பிரிவு, படிச்சா ஒரு தெருவே கண் முன்னாடி வரும். ஸ்கிப்போட உரிமையாளர் செய்ய வேண்டியது: இருட்டுல விளக்கு எரியணும். பேரும், போன் நம்பரோ முகவரியோ, அழியாத மாதிரி எழுதியிருக்கணும். நிரம்பின உடனே முடிஞ்ச அளவு சீக்கிரம் அகற்றணும். அனுமதி குடுக்குறவங்க இன்னும் நிபந்தனை போடலாம்: எந்த இடத்துல வைக்கணும், எவ்வளவு பெருசு, எதிர்ல வர்ற வண்டிக்கு எப்படித் தெரியணும், உள்ள இருக்கிறதை என்ன பண்ணணும், என்னைக்கு எடுக்கணும். மீறினா 1000 பவுண்டு வரைக்கும் அபராதம். விளக்கு இருந்தும் பத்தலைன்னு 1984-ல தனி விதி வந்து, ஸ்கிப்போட ரெண்டு முனையிலயும் வெளிச்சம் பட்டா பளிச்சுனு தெரியுற சிவப்பு மஞ்சள் பட்டை கட்டாயமாச்சு. அந்தப் பட்டை அலங்காரம் இல்லைங்க. ஹெட்லைட் தூரத்துல இருந்து பட்ட உடனே ‘இங்க ஒண்ணு நிக்குது’ன்னு சொல்றதுதான் அதோட வேலை.

யாரு உரிமையாளர்? சாதாரணமா ஸ்கிப் கம்பெனிதான். அதனாலதான் பெரும்பாலும் கம்பெனிக்காரங்களே கவுன்சில்ல பெர்மிட் வாங்கித் தர்றாங்க, பில்லுல சேர்த்துடுறாங்க. ஆனா ஒரு மாசம் அல்லது அதுக்கு மேல ஒப்பந்தம் போட்டு வாடகைக்கு எடுத்தா, இந்தப் பிரிவோட கணக்குல உரிமையாளர் நீங்கதான். பேரு எழுதுறதுல இருந்து லைட் வரைக்கும் உங்க தலையில. குறுகிய கால வாடகையிலயும் முழுசா தப்பிச்சிட்டோம்னு நினைக்க வேண்டாம். ‘நாங்க எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தோம், தப்பு பண்ணது வாடகைக்கு எடுத்தவர்’னு கம்பெனி சொல்றதுக்குச் சட்டமே இடம் குடுக்குது. லைட் போடுற பொறுப்பு யாருதுன்னு ஒப்பந்தத்துல பொடி எழுத்துல என்ன இருக்குன்னு கையெழுத்துக்கு முன்னாடி பார்க்கணும்னு சொல்றது இதனாலதான்.

இப்ப இந்தப் பிரிவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி. கடைசிப் பக்கம் இருக்கு, யாரும் படிக்க மாட்டாங்க. இந்த அனுமதி எதுவும் பொதுத் தொல்லையையோ, ரோட்டுல போறவங்களுக்கு ஆபத்தையோ உண்டாக்குறதுக்கான அனுமதி கிடையாதுன்னு அது சொல்லுது. அனுமதி குடுத்ததுனாலயே, ஸ்கிப்பால வர்ற காயத்துக்கும் சேதத்துக்கும் கவுன்சில் பொறுப்பாகாதுன்னும் சேர்த்துச் சொல்லுது.

அதாவது? கவுன்சிலுக்குக் கட்டணம் கட்டி, தேதி வாங்கி, முத்திரை குத்தின பேப்பர் கையில இருக்கு. ஆனா ராத்திரி லைட் அணைஞ்சு போய் ஒருத்தர் மோதி விழுந்தா, அந்தப் பேப்பர் உங்களுக்குக் கேடயம் ஆகாது. ரோட்டுல நிக்கிறதுக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். எப்படி நின்னுச்சுங்கிற கேள்வி தனியா வரும். நம்ம ஊர்லயும் சரி எங்கயும் சரி, பெர்மிட்டை நாம ஒரு ரசீது மாதிரி பார்க்குறோம்: காசு கட்டியாச்சு, இனி யாரும் எதுவும் கேக்கக் கூடாது. எல்லன்பரோ காலத்துல இருந்து வர்ற யோசனை அதுக்கு நேர் எதிர். தெருவுக்கு வாடகை கட்டிட்டீங்கன்னு தெரு உங்களுது ஆகிடாது.

அடுத்த பிரிவு, 140, இதை இன்னும் அழுத்திச் சொல்லுது. முறையா அனுமதி வாங்கி வெச்ச ஸ்கிப்பா இருந்தாலும், நெடுஞ்சாலை நிர்வாகமோ சீருடையில இருக்கிற ஒரு போலீஸ்காரரோ ‘எடுங்க’, ‘நகர்த்துங்க’ன்னு சொன்னா கேக்கணும். இதுல ஒரு வேடிக்கை வழக்கு. போலீஸ்காரர் போன் பண்ணி எடுக்கச் சொன்னா அது செல்லுமா? 1988-ல நீதிமன்றம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. சீருடை போட்டு நேர்ல வந்து கேக்கணும். போன்ல சீருடை தெரியாதே!

சரி, ரோட்டுல எங்க வைக்கிறது? இதுல ஒவ்வொரு கவுன்சிலுக்கும் தனித்தனி விதி. ஆனா எதுக்குப் பின்னாடியும் ஒரு ஆள் இருக்கார், அந்த ஆளை நினைச்சுக்கிட்டா விதி தானா புரியும். பிளாட்பாரத்துல ஏன் வைக்கக் கூடாது? வீல்சேர்ல வர்றவரும், குழந்தை வண்டி தள்ளுறவங்களும், கோல் தட்டிக்கிட்டு வர்ற பார்வையில்லாதவரும் ரோட்டுல இறங்க வேண்டி வரும். தெருமுனையில ஏன் கூடாது? திரும்புற வண்டிக்குக் கடக்குற ஆள் தெரியமாட்டார். மேன்ஹோல் மூடி மேல, தண்ணி வால்வு மேல ஏன் கூடாது? பைப் உடைஞ்ச அன்னைக்கு நிரம்பின ஸ்கிப்பை யாரு தள்ளுவாங்க? குறுகலான தெருவா இருந்தா தீயணைப்பு வண்டி போக வழி இருக்கான்னு பார்ப்பாங்க. பார்க்கிங் கட்டணம் வசூலிக்கிற இடம்னா, அந்த இடத்தை அந்த நாட்களுக்கு நிறுத்தி வைக்கத் தனி விண்ணப்பம், தனிக் காசு. ஸ்கிப் அனுமதி கையில இருக்கு, பார்க்கிங் அனுமதி இல்லைன்னு லாரியைத் திருப்பி அனுப்பின கதைகள் ஏராளம்.

தலைக்கு மேலயும் பார்க்கணும். லாரியோட கைகள் தொட்டியைத் தூக்கும்போது மரக்கிளை, வயர் எதுவும் தட்டக் கூடாது. அமெரிக்காவோட பெரிய டம்ப்ஸ்டருக்கு இது இன்னும் அதிகம். லாரி பின்பக்கத்தைச் சாய்ச்சு, பெட்டியை உருட்டித் தரையில இறக்கும். 20 கன கஜப் பெட்டியே சுமார் 22 அடி நீளம், லாரிக்கு முன்னாடியும் இடம் வேணும். அங்கயும் பொது வழக்கம் இதுதான்: சொந்த டிரைவ்வேல வெச்சா பெரும்பாலான நகரங்கள்ல அனுமதி வேண்டாம், தெருவுல வெச்சா வேணும். தார் ரோடோ சிமெண்ட் தரையோ கீறாம இருக்க அடியில பலகை போடச் சொல்வாங்க. இதைச் சொந்த டிரைவ்வேலயும் செய்றது நல்லது. சிமெண்ட் தரை விரிசல் விட்டா அதுக்கு எந்த நகராட்சியும் வராது.

எடை இன்னொரு விஷயம். மண்ணும் செங்கல்லும் போட பிரிட்டன்ல வழக்கமா 8 கன கஜம் வரைக்கும்தான் குடுப்பாங்க. அதைவிடப் பெரிய தொட்டியில மண்ணை நிரப்பினா லாரியால தூக்க முடியாது. விளிம்புக்கு மேல குவிச்சு வெச்சாலும் டிரைவர் எடுக்க மாட்டார், போற வழியில கல் விழுந்தா அவர்தானே மாட்டுவார். இதுல அக்கம்பக்கத்து ஆளுங்க வேற. தெருவுல ஒரு ஸ்கிப் வந்தா, மறுநாள் காலையில அதுல யாரோட பழைய மெத்தையோ கிடக்கும். ரோட்டுல நிக்கிறது ஊர்ச் சொத்துன்னு மக்களே முடிவு பண்ணிடுறாங்க போல. எல்லன்பரோவோட யோசனையைத் தலைகீழா புரிஞ்சுக்கிட்டவங்க!

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நேரடியா இருக்கு. இதே ஆங்கிலப் பொதுத் தொல்லைச் சட்டத்தோட யோசனையைத்தான் 1860-ல இந்திய தண்டனைச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. அதோட 283-ஆம் பிரிவு: தன் வசம் இருக்கிற பொருளால பொதுப் பாதையில யாருக்காவது ஆபத்தோ தடையோ காயமோ உண்டாக்கினா 200 ரூபா வரைக்கும் அபராதம். 1860-ல 200 ரூபா பெரிய பணம். அந்தத் தொகை மாறவே இல்லை. வீட்டு வாசல்ல ஒரு லோடு எம்-சாண்ட் கொட்டி வெச்சு, ராத்திரி பைக் சறுக்கினாலும் அதே 200 ரூபாதான் உச்சம். 2024 ஜூலை 1-ஆம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தப்போ, அதோட 285-ஆம் பிரிவுல அது 5000 ரூபா ஆச்சு.

நடுவுல 2016-ல கட்டட இடிபாட்டுக் கழிவுக்குன்னு மத்திய அரசு தனி விதி போட்டுச்சு. இடிபாட்டை உங்க இடத்துக்குள்ளயே வெச்சுக்கணும், இல்லைன்னா உள்ளாட்சி சொல்ற சேகரிப்பு இடத்துக்கு அனுப்பணும்னு அது சொல்லுச்சு. போக்குவரத்தையோ மக்களையோ வடிகாலையோ அடைக்கிற மாதிரி கொட்டக் கூடாதுன்னும் சொல்லுச்சு. இங்கிலாந்துச் சட்டத்துல இருக்கிற அந்தப் பேரு, லைட்டு, தேதி மூணையும் இதோட பக்கத்துல வெச்சுப் பாருங்க. நம்ம தெருவுல கிடக்குற ஜல்லிக் குவியல் மேல யாரோட போன் நம்பர் எழுதியிருக்கு?

உங்க தெருவுல இப்படி ஏதாவது நின்னுக்கிட்டு இருந்தா, எத்தனை நாளா நிக்குதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.